பதினாலு வயதுக்கு ஒரு ஸ்பெல்லிங் பாடம்

வீட்டில் வைத்து ஸ்பெல்லிங் கற்றுத்தர எந்தப் பாடத்திட்டம் நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், பிள்ளைக்கு என்ன வயது என்றுதான் முதலில் கேட்பேன். ஆறு ஏழு வயதென்றால் எதை வாங்கினாலும் பெரிய கெடுதல் வந்துவிடாது. பதினாலு வயதென்றால் என்னிடம் கேட்க வேண்டாம், அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள் என்பேன். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்காமல் வாங்கினேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோ முடித்தவன். வயலையும் மாடுகளையும் மனைவி பார்த்துக்கொள்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். வாயால் கேட்டால் இதயத்தின் நான்கு அறைகளையும் ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்பதையும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது போல மடை மடையாகத் திறந்து காட்டிச் சொல்லிவிடுவாள். அதையே எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். எழுதினாலும் எழுத்துகள் இடம் மாறி, சில காணாமல் போய், அவள் சொன்னதற்கும் எழுதியதற்கும் சம்பந்தம் இருக்காது. கவனக்குறைவு என்றார்கள் பள்ளியில். டியூஷனில் ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுதச் சொன்னார்கள். அவள் பத்து முறையும் எழுதினாள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நானும் கவனக்குறைவு என்றே வருடக்கணக்காக நம்பினேன்.

எட்டாம் வகுப்பில் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பேனர் வரையும் வேலை அவளுக்குக் கிடைத்தது. படம் நன்றாக வரைவாள். ஓடும் பெண் ஒருத்தியை வரைந்து, கீழே பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அதில் ஒரு சொல் தப்பு. யாரோ ஒரு பிள்ளை அதைப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டது. வகுப்புக் குழுவில் யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் உடனே அந்த ஸ்டிக்கர் வந்து விழும். அவள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேனா பிடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். கை வலிக்கிறது என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம். கையில் ஒன்றுமில்லை என்றார்.

பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் போனைப் பார்க்கிறேன், மனைவி பல முறை அழைத்திருக்கிறாள். மகள் பள்ளிக்குப் போகவில்லை என்று அங்கிருந்து செய்தி வந்திருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊருக்கு வருகிற வாய்க்கால் கரையில் அவளுடைய பை இருந்தது. பை மட்டும். பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம், வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பையைத் தொடவில்லை. அதைத் தொட்டால் எதுவோ உறுதியாகிவிடும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அவள் மடைக்குக் கீழே, பனைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தில் மனைவியும் நானும் தேடிக் கூப்பிட்டது கேட்கவில்லையாம். நான் ஓடிப்போய் முன்னால் நின்றதும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"பை கனமா இருந்துச்சுங்கப்பா" என்றாள்.

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் வழியில் யாராவது குழந்தையின் பை தனியாகக் கிடந்தால் என் கால்கள் நின்றுவிடுகின்றன. இதை மறைப்பதில் பொருளில்லை. நான் எடுத்த எல்லா முடிவும் அந்தக் கரையிலிருந்து எடுத்ததுதான்.

டி.சி. வாங்கினோம். வீட்டில் இருந்து படித்து ஓப்பன் ஸ்கூல் வழியாகப் பத்தாவது எழுதட்டும் என்று தீர்மானித்தோம். உறவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் எது என்றாலும் கோயம்புத்தூருக்குத்தான் போவோம். சேலை, கண் ஆஸ்பத்திரி, கல்யாணச் சமையல்காரர், எல்லாம் அங்கிருந்துதான். ஸ்பெல்லிங்குக்கும் கோயம்புத்தூரில் நல்ல வகுப்பு இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தோம். வாசலில் சுண்டெலிப் படம். உள்ளே ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மகள் காரை விட்டே இறங்கவில்லை. இந்தக் காலத்தில் ஸ்பெல்லிங் எதற்கு, வாயால் சொன்னால் போனே எழுதுமே என்றார் இன்னொரு உறவினர். அவர் சொன்னதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அறிவியலும் சமூகப் பாடமும் ஸ்பெல்லிங்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் போனில் சொல்லிப் பதிலைச் சேமித்தாள், அந்தப் பாடங்கள் ஓடின. ஆனால் பரீட்சை அறைக்குள் போன் வராது. அதைவிட, தன் கையால் ஒரு வரி எழுத இப்படிப் பயந்துகொண்டே ஒரு ஆயுளைக் கழிக்க முடியாது.

பாலக்காட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு அம்மாவிடம் காட்டினோம். இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, புத்தியில் குறைவில்லை, சோம்பலும் இல்லை, சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தோடு சேர்க்கிற இடத்தில்தான் சிக்கல் என்றார். வகுப்பைப் பார்க்காமல் அடியிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு மொழி போதும் என்றார். எங்களுக்கு அது பெரிய கேள்வி. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம் என்றுதான் இங்கே பிள்ளைகள் வளர்கின்றன. தமிழிலிருந்து தொடங்கினால் சுலபம் என்று எனக்குத் தோன்றியது. வரும் வழியில் வண்டியில் பின்னால் இருந்த மகளிடம் சொன்னேன்.

"இங்கிலீஷ்லயே இருக்கட்டுங்கப்பா" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுலதான சிரிச்சாங்க" என்றாள்.

அதை அவள் தேர்ந்தெடுத்தாள். மீதியை நான் தேர்ந்தெடுக்கக் கிளம்பினேன். தொழிற்சாலையில் புதுச் சரக்கை யாரிடம் வாங்குவது என்று பார்க்கும்போது ஒரு ஒப்பீட்டுத் தாள் போடுவோம். அதே போலப் போட்டேன். எது ஒலியிலிருந்து தொடங்குகிறது, எது ஒரு நேரத்தில் ஒரே விதியை எடுக்கிறது, எதில் பழையதைத் திரும்பப் பார்க்க இடம் இருக்கிறது, எதற்கு வீடியோ உண்டு, பெற்றோருக்கு வழிகாட்டி உண்டா. வெளிநாட்டில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்காகச் செய்த திட்டங்கள் நிறைய இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வகுப்பு வாரியாகச் சொல் பட்டியல் மட்டும் தருபவற்றை முதலிலேயே ஒதுக்கினேன். அவற்றை எங்கள் டியூஷனே செய்து பார்த்துவிட்டது. கடைசியில் எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெட்டியைத் தருவித்தேன். காந்தம் ஒட்டிய எழுத்துச் சில்லுகள், வண்ண அட்டைகள், தடித்த வழிகாட்டிப் புத்தகம். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் பாடத்தில், ஒரு தட்டில் மணலோ உப்போ அரிசியோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. விரல் உணர்வது மனதில் நிற்கும் என்பது காரணம். அது சரியான காரணம்தான். நான் சமையலறைக்குப் போய், அலமாரியில் இருந்த பித்தளைத் தட்டை எடுத்து, பச்சரிசி பரப்பிக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இதில் என்ன தவறு என்று தெரியாது. எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பமோ மலையாளக் குடும்பமோ, விஜயதசமி அன்று மூன்று வயதுக் குழந்தையை எழுத்துக்கு உட்கார வைப்போம். கோயிலில் மடியில் வைத்துக்கொண்டு, பித்தளைத் தட்டில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். நாங்கள் மலையாளத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி எழுதுவோம். குழந்தை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், போட்டோ எடுப்போம். எங்கள் மகள் அழுதபடி எழுதிய போட்டோ கூடத்துச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் நான் தட்டை வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று பார்த்து பொள்ளாச்சியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"ஏண்டா, நல்ல காரியம் பண்றே, ஒரு வெளக்கு ஏத்தோணும்னு தோணாதா? வெத்தலை பாக்கு வெக்காம ஆராச்சும் எழுத்துக்கு உக்கார வெப்பாங்களா?"

சொல்லிக்கொண்டே விளக்கேற்றிவிட்டாள். அரிசியின் ஓரத்தில் வெற்றிலை வைத்தாள். கை கழுவிவிட்டு வந்த மகளை, "வா அம்முணி, கெழக்கே பாத்து உக்காரு" என்று தோளைப் பிடித்தாள். அக்காவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. படிப்பு வராத பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து எழுத்து வைத்தால் நல்லதாகும் என்று மனதார நினைத்தாள்.

மகள் தட்டைப் பார்த்தாள். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மூணு வயசுங்களாப்பா?"

நான் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்து காட்டி, இது பாடத்தில் இருப்பதுதான், இதற்கு இப்படிக் காரணம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பல நாள் பெட்டி அப்படியே கிடந்தது. அவள் எல்லாரோடும் நன்றாகப் பேசினாள், சாப்பிட்டாள், கன்றுக்குட்டிகளைக் குளிப்பாட்டினாள். ஸ்பெல்லிங் என்ற பேச்சு எடுத்தால் மட்டும் எழுந்து போவாள். எனக்குள் பழைய பயம் ஏறியது. அவள் வெளியே போனால் பின்னால் போய்ப் பார்த்தேன். போகாதது போல நடித்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கும். தனியாக இருக்கும்போது வழிகாட்டிப் புத்தகத்தை மறுபடி மறுபடி படித்தேன். தயங்கும் பிள்ளையை உட்கார வைப்பது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருந்தது, பரிசு கொடுக்கச் சொன்னது. அதைப் பற்றி நான் மனைவியிடம் ஆலோசனை கேட்டபோது அவள் பால் கறந்து முடித்து, கேனை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மாட்டுக்குத் தீவனம் மாத்துனாக்கூட அது ரெண்டு நாளைக்கு மோந்து பாத்துட்டுத்தான் வாய் வெக்குது. புள்ளைக்கு மட்டும் நீங்களா பாத்து, நீங்களா வாங்கி, முன்னால கொண்டாந்து கொட்டுனாத் தின்னோணுமாக்கு?"

சொல்லிவிட்டு அவள் பால் சொசைட்டி வண்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. தொழிற்சாலையில் நாங்கள் ஒப்பீட்டுத் தாளோடு எதையும் முடிப்பதில்லை. தாளில் ஜெயித்த சரக்கில் கொஞ்சம் வரவழைத்து, இயந்திரத்தில் நிற்கிறவர் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பர்ச்சேஸ் பிரிவு தலைகீழாக நின்றாலும் அது உள்ளே வராது. இத்தனை வருடம் அந்த விதிக்காக நான் மற்ற பிரிவுகளோடு சண்டை போட்டிருக்கிறேன். வீட்டில் பர்ச்சேஸ் பிரிவாக நானே ஆகிவிட்டிருந்தேன்.

பெரும்பாலான திட்டங்கள் இணையத்தில் மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகின்றன. என் தாளில் இருந்த எல்லாவற்றிலிருந்தும் சில பக்கங்கள் அச்செடுத்தேன், முன்பு ஒதுக்கியவற்றையும் சேர்த்து. எங்கள் பக்கத்தில் மார்கழி தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நிற்காமல் அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவனம் வைக்கும் அறையில், சாக்குகளின் மேல் பக்கங்களைப் பரப்பி, பறந்து போகாமல் தீவனப் படியையும் கற்களையும் மேலே வைத்தேன். அந்த அறைக்கு வெளியார் யாரும் வரமாட்டார்கள். மகளிடம், இதில் ஒன்றும் படிக்க வேண்டாம், பிடிக்காததை மட்டும் எடுத்துக் கீழே போடு என்றேன். பெட்டி வாங்கியதும் என் தப்பு, அதையும் வேண்டுமானால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து முயல் படம் போட்ட பக்கத்தை எடுத்தாள்.

"இந்த மொசலுக்கே ஸ்பெல்லிங் தெரியுமான்னு சந்தேகமா இருக்குது" என்று கீழே போட்டாள்.

அவள் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன். அதன் பிறகு வேகம் எடுத்தது. நட்சத்திரம் ஒட்டும் பக்கங்கள் போயின. நேரம் வைத்து எழுதுபவை போயின. தப்பான சொல்லைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் ஒன்றைப் பார்த்து, தப்பைப் பார்த்தால் தப்புதான் தனக்கு மனதில் நிற்கிறது என்றாள். அது ஒரு முக்கியமான தகவல். சோதித்துப் பார்த்த அந்த அம்மாவிடமும் பிறகு சொன்னேன், ஆமாம் என்றார். கடைசியில் மிஞ்சியது, என் தாளில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. படம் இல்லை, வீடியோ இல்லை, வண்ணம் இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஒலிக் குடும்பம். நைட், லைட், ரைட் போல. அதற்குக் கீழே அந்தச் சொற்களை வைத்துச் சில வாக்கியங்கள், கேட்டு எழுத. வாக்கியங்கள் பெரியவர்கள் பேசுவது போல இருந்தன. எந்த வகுப்புக்கு என்று எங்கேயும் போடவில்லை. பின்னால் வாங்கியபோது புத்தகத்துக்கும் வெறும் பழுப்பு அட்டைதான்.

"இது கரண்டு பில்லு மாதிரி இருக்குது. இதே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு நான் வாங்கிய பெட்டியையும் திறந்து பார்த்தாள். எழுத்துச் சில்லுகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒலியைப் பிரித்து அடுக்க அவை நன்றாக இருந்தன. வழிகாட்டிப் புத்தகம் எனக்கே என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய நிபந்தனைகளும் வந்தன. சிவப்புப் பேனா வீட்டிலேயே இருக்கக் கூடாது. பாடம் கூடத்தில் வேண்டாம், தீவன அறையிலேயே ஒரு மேசை போட வேண்டும். தப்பு வந்தால் அடிக்காமல் அழித்துவிட்டு முழுச் சொல்லையும் புதிதாக எழுதுவாள். நான் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டேன். ஒன்றுக்கு மட்டும் நானும் விடவில்லை. தினமும் கொஞ்சம், ஆனால் தினமும். அதற்கு அவள் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அக்காவிடம் நான் போனில் பேசினேன். தட்டு விஷயத்தை விளக்கினேன். அவளுக்கு முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். "வெளக்கு ஏத்துனது ஒரு குத்தமாடா?" என்று கேட்டாள். இல்லை அக்கா, தட்டு வைத்த இடம்தான் குற்றம் என்றேன். அதன் பிறகு வரும்போது அவள் அந்த அறைப் பக்கம் போவதில்லை.

காலையில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக, காலையில் தொடங்கும் ஜெனரல் ஷிப்டை விட்டு மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாம் ஷிப்டுக்கு மாறினேன். காலை உணவுக்குப் பிறகு இருவரும் அந்த அறையில் உட்காருவோம். புண்ணாக்கு வாசனைக்கு நடுவில், நான் சொல்ல, அவள் சில்லுகளை அடுக்கி, தொட்டுத் தொட்டு ஒலித்துப் பார்த்து, பிறகு எழுதுவாள். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்கூட ஆனது. சில பக்கங்கள் சட்டென்று முடிந்தன. முந்தின வாரம் வந்த சொல் இந்த வாரம் வராது, திரும்பப் போவோம். அந்தப் பழுப்புப் புத்தகம் திரும்பப் போவதை ஒரு தோல்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்துக்குப் பக்கம் பழைய சொற்களை அதுவே கொண்டுவந்தது. மற்றவர்களுக்கு இந்தப் புத்தகம்தான் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஒலியில் தொடங்கவும், அடியிலிருந்து வரவும், திரும்பப் பார்க்கவும் இடம் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்து வைக்கலாம். அந்தச் சல்லடையில் தங்கியவற்றில் எது தன் மேசைக்கு வர வேண்டும் என்பதைப் பதினாலு வயதுப் பிள்ளை சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் பெட்டி மூடியே கிடக்கும்.

இப்போதும் தப்பு வருகிறது. பரீட்சை இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுவாள் என்று நம்புகிறேன். அந்தப் பழுப்புப் புத்தகத்தின் மூன்றாவது பாகத்தில் இருக்கிறாள். எழுதும்போது தோள்கள் மேலே ஏறுவது நின்றுவிட்டது, அதை நான்தான் முதலில் கவனித்தேன்.

போன மாதம் ஒரு காலை, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ஜெனரல் ஷிப்டுக்கே போயிருங்க."

ஏன் என்றேன்.

"நான் தப்பா எழுதறக்கு முன்னாலயே நீங்க மூச்சை இழுக்கறீங்க. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போகுது. அப்பறம் நானா எப்பத்தான் கண்டுபுடிக்கறது?"

எனக்கு அது தெரியவே தெரியாது. அப்படியென்றால் வாக்கியங்களை யார் சொல்வது என்று கேட்டேன். மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. மகள் அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். வாரத்துக்கு வேண்டிய வாக்கியங்களை ஞாயிற்றுக்கிழமை நான் அவள் போனில் பேசிப் பதிந்துவிட வேண்டும். மற்ற நாட்களில் அவளே போட்டுக் கேட்டு, அவளே எழுதி, புத்தகத்தைப் பார்த்து அவளே சரிபார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அறையில் யாரும் இருக்கக் கூடாது.

அவள் அங்கே தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள், நான் கஞ்சிக்கோட்டில் இருப்பேன். அதை நினைத்ததும் வாய்க்கால் கரை என் கண் முன்னால் வந்துபோனது. சரி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீவன அறையில் உட்கார்ந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசினேன். அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டாள். மூன்றாவதை அழித்துவிட்டாள்.

"இதுல பயந்துட்டே சொல்றீங்க. மறுக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். அவள் காதருகே வைத்துக் கேட்டாள். இந்த முறை அழிக்கவில்லை. அடுத்ததைச் சொல்லச் சொல்லிப் போனை என் பக்கம் நீட்டினாள்.